கறுப்பு ஃபைபர் போனட்டும் பினாங்கு வெயிலும்

மாமாவின் வீரா காருக்கு ஃபைபர் போனட் போடுவது என்று முடிவானதுமே நான் ஒரு நிபந்தனை வைத்தேன். வாங்கி வந்த கையோடு பெயிண்ட் அடிக்க மாட்டேன். கொஞ்ச நாள் அப்படியே காரில் மாட்டி ஓட்ட வேண்டும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கறுப்புக் கார், ஃபைபர் போனட், பினாங்கு வெயில் மூன்றும் ஒன்று சேர்ந்தால் அவசரத்தில் அடித்த பெயிண்ட் அழகாக நிற்காது. முதல் மாதம் கண்ணாடிபோல மின்னும். நான்கைந்து மாதம் வெயிலில் நின்ற பிறகு குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இருக்கும் நாரின் பின்னல் மேலே தெரியும். எத்தனை பாலிஷ் போட்டாலும் அது போகாது.

புரோட்டோன் வீரா 1993இல் வந்த கார், 2009 வரை தயாரித்தார்கள். அந்தக் காலத்து மிட்சுபிஷி லான்சரை வைத்துச் செய்தது என்பதால் லான்சரின் பந்தய வகையான எவோ 3இன் வடிவப் போனட் அதற்குப் பொருந்தும். ஃபைபரில் அதை வார்த்து விற்பவர்கள் நம் நாட்டில் நிறைய. மாமா வீடு பட்டர்வொர்த்தில், கடலுக்குப் பக்கம். பழைய இரும்புப் போனட்டின் முன் விளிம்பை உப்புக் காற்று உள்மடிப்பு வரைக்கும் அரித்துவிட்டிருந்தது. ஒட்டுப் போட்டுப் பார்க்கிற நிலையில் அது இல்லை.

கடையிலிருந்து வந்தது கறுப்பு ஜெல்கோட், அதாவது நிறம் கலந்த ரெசின் மேற்படலம், போட்ட போனட். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. "இதுக்கு மேல என்னடா பெயிண்ட்டு?" என்றார் மாமா. அந்தப் பளபளப்பு அச்சுடையது. அச்சில் மெழுகு தடவி, ஜெல்கோட் அடித்து, அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயையும் ரெசினையும் வைத்து எடுக்கிறார்கள். அச்சு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு மினுமினுப்பு மேலே வரும். அது எவ்வளவு நாள் நிற்கும் என்பதைப் பின்பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். நார் ரெசினில் நன்றாக ஊறியிருந்தால் பின்பக்கம் கறுத்துத் தெரியும். ஊறாமல் விட்ட இடம் வெளுத்துக் கிடக்கும். அப்புறம் ஒரு இருபது சென் காசை எடுத்து மேலே முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தேன். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும். ஜெல்கோட்டுக்கும் நாருக்கும் நடுவே காற்று இருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். இடப்பக்கக் கீல் பக்கத்து மூலை மந்தமாக ஒலித்தது. அங்கே மாஸ்கிங் டேப்பால் ஒரு அடையாளம் ஒட்டி வைத்தேன்.

அடுத்த வேலை மெழுகை எடுப்பது. சாண்ட்பேப்பரைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். மெழுகு இருக்கும்போது தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் வட்ட வட்டமாக விலகிப் போகும். மெழுகு நீக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்த மெழுகு திரும்பவும் அங்கேயே படியும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒரே துணியில் முழு போனட்டையும் துடைப்பது மெழுகைப் பரப்புகிற வேலை. போதுமா என்று தெரிய, தண்ணீரைத் தெளித்தேன். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது. போனட்டின் மேல் காற்று புகுவதற்காக இருக்கும் காற்றுக்குழாய் முகப்பின் வளைவில்தான் முத்துகள் பிடிவாதமாக நின்றன; வார்ப்பவர்கள் வளைவுகளில் மெழுகைத் தாராளமாகப் பூசுவார்கள்.

பெயிண்ட்டுக்கு முன்பே போனட்டை காரில் பொருத்திப் பார்த்துவிட்டேன். ஃபைபர் போனட் ஒன்றுபோல் ஒன்று வராது. ஒரு பக்க இடைவெளி கூடும், மறுபக்கம் ஃபெண்டரில் உரசும். கீல் துளைகளைக் கொஞ்சம் நீளமாக்கி, விளிம்பை இழைத்து, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாகும்வரை விடவில்லை. முன்பக்கம் போனட்டை மேலிருந்து பூட்டிப் பிடிக்கும் இரண்டு போனட் பின்னுக்கும் அப்போதே துளை போட்டாயிற்று. ஃபைபரில் கொக்கி பிடித்திருக்கும் இடம் பிய்த்துக்கொண்டால் நெடுஞ்சாலையில் போனட் எழுந்து கண்ணாடியை மறைக்கும். பின் இல்லாமல் ஃபைபர் போனட் போடவே கூடாது என்பது என் கட்சி.

இனி வெயில் விஷயம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பாலியெஸ்டர் ரெசினில் ஹார்ட்னர் கலந்ததும் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், மறுநாள் அச்சிலிருந்து கழற்றலாம். ஆனால் உள்ளே இறுகும் வேலை அதோடு முடிவதில்லை. சாதாரண வெப்பத்தில் அது வாரக்கணக்கில் மெதுவாக நடக்கும். இறுகும்போது ரெசின் சுருங்கும். கண்ணாடி நார் சுருங்காது. அதனால் நாருக்கு இடையில் ரெசின் நிறைந்த இடங்கள் மெல்லிய பள்ளமாக இறங்கி, நார் இருக்கும் இடம் மேடாக நிற்கும். அதுதான் பின்னல் மேலே தெரிவது. இதற்கு மேல், நல்ல வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு 70 டிகிரியைத் தொட்டுவிடும், போனட்டுக்குக் கீழே எஞ்சின் சூடு வேறு. சாதாரணப் பாலியெஸ்டர் அந்த வெப்பத்தில் கொஞ்சம் இளகும், நின்றுபோன சுருக்கம் மறுபடி நடக்கும். கடையிலிருந்து வந்த வாரமே பெயிண்ட் அடித்தால் இந்தச் சுருக்கம் முழுவதும் பெயிண்ட்டுக்கு அடியில் நடக்கிறது. மேலே எவ்வளவு சமமாகத் தேய்த்திருந்தாலும் பயனில்லை.

எனவே சுருங்க வேண்டியது முதலில் சுருங்கட்டும் என்று விட்டேன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போனட்டைச் சுவரில் சாய்த்து வெயிலில் வைத்தால் இளகும்போது வளைந்துவிடும், பிறகு எந்த இடைவெளியும் ஒத்து வராது. காரில் மாட்டி, பூட்டி, அதன் சரியான உருவத்தில்தான் சூடேற வேண்டும். அதனால் மாமா தை மாதம் முழுக்க பெயிண்ட் இல்லாத போனட்டோடுதான் வேலைக்குப் போனார், சந்தைக்குப் போனார், தைப்பூசத்துக்குப் பாலம் தாண்டித் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கும் அதோடுதான் போனார். பார்த்தவர்கள் எல்லாம் விசாரித்திருக்கிறார்கள்.

"ஏண்டா, இன்னும் எத்தனை நாளைக்கு நான் இந்த மொட்டைப் போனட்டோட சுத்துறது?"

"வெயில்ல நிப்பாட்டுங்க மாமா. நிழல்ல வச்சீங்கன்னா இன்னும் நாளாகும்."

மாமா சொன்னபடி செய்தார். வேலையிடத்தில் கூரைக்கடியில் இடம் இருந்தும் வெளியே நிறுத்தினார். சில வாரம் கழித்து ஒரு இரவு காரை என் வீட்டு போர்ச்சுக்குள் விட்டு, மேலே இருக்கும் குழல்விளக்கின் பிம்பம் போனட்டில் எப்படி விழுகிறது என்று இருவரும் குனிந்து பார்த்தோம். வாங்கி வந்த அன்று நேர்கோடாக விழுந்த விளக்கு இப்போது ஓரம் நெளிநெளியாக, சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து தெரிந்தது. விரலால் தடவினால் ஒன்றும் தெரியாது, விளக்கில்தான் தெரியும். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சிருந்தா?" என்றார். அதற்குப் பிறகு என்னை அவசரப்படுத்தவில்லை.

தேய்ப்பதற்கு 180 நம்பர் சாண்ட்பேப்பரில் தொடங்கினேன்; நம்பர் கூடக்கூட தாள் நைஸாகும். கையை மட்டும் வைத்துத் தேய்த்தால் விரல் பட்ட இடம் குழியாகும். நீளமான கட்டையில் சாண்ட்பேப்பரைச் சுற்றி, குறுக்கும் மறுக்குமாகத் தேய்ப்பதுதான் சமதளம் தரும். முழுக்கைச் சட்டை, தூசி முகமூடி, கண்ணாடி மூன்றும் கட்டாயம். நார்த்தூசி தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. வேலை முடிந்ததும் சுடுதண்ணீரில் குளிக்காமல் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது நல்லது.

தேய்க்கத் தேய்க்க ஊசித்துளைகள் வெளியே வந்தன. ஜெல்கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் அவை. இவற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்ப்ரே பெயிண்ட் ஊசித்துளையை அடைக்காது. எத்தனை கோட் அடித்தாலும் பெயிண்ட் துளையின் வாயைச் சுற்றி விளிம்பு கட்டுமே தவிர உள்ளே போய் நிரம்பாது. ஒவ்வொன்றையும் கத்தி முனையால் கொஞ்சம் அகலப்படுத்தி, கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதி, மெல்லிய புட்டியை பிளேடால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு திசையில் இழுத்தால் துளைக்குள் காற்று அடைபட்டு மேலே மட்டும் மூடும். எதிர்த்திசையிலும் ஒருமுறை இழுத்தால்தான் அடிவரை போகும். டேப் ஒட்டிய அந்த இடப்பக்க மூலையில் கத்தி முனையை வைத்ததுமே ஜெல்கோட் முட்டை ஓடு மாதிரி உள்ளே உடைந்தது. அடியில் காசு அகலத்துக்கு வெற்றிடம். உடைந்த விளிம்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, கண்ணாடி நார் கலந்த புட்டியை முதலில் வைத்து, அது இறுகியதும் சாதாரணப் புட்டியால் மூடினேன். போனட் கொஞ்சம் வளையக்கூடியது, கனமாகப் புட்டி வைத்தால் நாளடைவில் வெடிக்கும். எங்கேயும் மெல்லிசாகவே வைக்க வேண்டும்.

புட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் அது முழுதாகக் காயாது, பிறகு பெயிண்ட்டுக்குக் கீழே கொப்புளமாகக் கிளம்பும். பிரைமர் அடித்து மூடும்வரை காய்ந்த தேய்ப்புதான்.

பிரைமருக்கு 2கே ஹை-பில்டு, அதாவது ஹார்ட்னர் கலந்து கனமாக அடிக்கும் வகை, வாங்கினேன். கடை முதலாளி, தவுக்கே, வேகமாகக் காயும் தின்னரைத்தான் முதலில் எடுத்து வைத்தார். பட்டறைக்காரர்களுக்கு நேரம் முக்கியம், அதைத்தான் வாங்குவார்களாம். மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்கினேன். நம் வெப்பத்தில் வேகமான தின்னர், பெயிண்ட் பரவிச் சமமாவதற்குள் பறந்துவிடும். பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். கலக்கும் அளவு டின்னில் போட்டிருப்பதுதான் வேதம். கலந்த பிறகு நம் சூட்டில் சீக்கிரம் கெட்டியாகிவிடும், அதனால் ஒரு கோட்டுக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொண்டேன்.

பிரைமர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரே டின்னால் மிக லேசாக, தூவினாற்போல் ஒரு புகைப்படலம். பிறகு கட்டையில் 400 நம்பர் வைத்துத் தேய்த்தேன். மேடு முதலில் சாம்பல் நிறமாகும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் எல்லாம் கறுப்புப் பொட்டாக நிற்கும்போது அந்தப் போனட்டின் முழு வரலாறும் தெரிந்துவிடுகிறது. நாரின் பின்னல் நடுவில் மெல்லிய வலையாகத் தெரிந்தது, காற்றுக்குழாயின் பின்புறம் நீளவாக்கில் ஒரு தாழ்வு. கறுப்பு போகவேண்டும் என்று அந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தால் பள்ளம் ஆழமாகும். மறுபடி பிரைமர் அடித்து, மறுபடி புகைப்படலம் தூவி, மறுபடி தேய்க்க வேண்டும். கறுப்பு எங்கேயும் தங்காமல் ஒரே சாம்பல் நிறம் வந்த பிறகுதான் 600 நம்பரில் தண்ணீர்த் தேய்ப்புக்குப் போனேன். நிறம் கறுப்பு என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. வெள்ளைக் கார் மன்னிக்கும் குறையைக் கறுப்பு மன்னிக்காது.

கடைசி பெயிண்ட்டை வீட்டில் அடிக்கவில்லை. 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்குப் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். ஆபத்தான அளவு வந்தாலும் வாசனையால் கண்டுபிடிக்க முடியாது. துணி முகமூடி, சர்ஜிக்கல் முகமூடி எதுவும் இதைத் தடுக்காது. பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருக்கும் தாமானில் (குடியிருப்பில்), போர்ச்சில் வைத்து இதை அடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டர்வொர்த்துக்குப் பக்கத்து ஊரான பிறையில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை தன் ஸ்ப்ரே அறையைக் கொடுத்தார். பிரைமரும் அங்கேதான் அடித்தது. குழாய் வழியாக வெளிக்காற்று வரும் முகமூடி அவரிடம் இருந்தது.

நேரம் குறித்தது ஈரப்பதத்தைப் பார்த்து. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் மழை மிகுந்த காலம். ஜனவரி, பிப்ரவரி ஓரளவு வறண்டிருக்கும். ஆனாலும் காலை எட்டு மணிக்கு 25 டிகிரியும் 95 சதவீத ஈரப்பதமும் இருந்தால், காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை ஏறக்குறைய 24 டிகிரி. பெயிண்ட் படும் பரப்பு அதைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். காலையில் போனட்டே 25இல்தான் இருக்கும். போதாக்குறைக்குத் தின்னர் ஆவியாகும்போது பரப்பு இன்னும் குளிரும். ஈரம் படியும், நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் மங்கும். மத்தியானம் 32 டிகிரி, 60 சதவீதம் என்றால் அந்த வெப்பநிலை 23 சொச்சம், பயமில்லை. பட்டறைச் சுவரில் ஈரமானி காட்டியதைப் பார்த்து, பகல் பன்னிரண்டுக்கு மேல்தான் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தேன்.

இன்னொன்று, ஃபைபருக்கே உரியது. குளிர்ந்த போனட்டில் பெயிண்ட் அடித்து உடனே வெயிலுக்குத் தள்ளக் கூடாது. எங்காவது கண்ணில் படாத ஊசித்துளை இருந்தால் அதிலுள்ள காற்று சூட்டில் விரிந்து ஈரப் பெயிண்ட்டை ஊதிக் குமிழாக்கும். நான் போனட்டைக் காலையிலிருந்தே அறைக்குள் வைத்து, அறையின் வெப்பத்துக்கு வரவிட்டேன். ஃபைபர் மின்சாரம் கடத்தாது, துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். தரையைத் தண்ணீர் ஊற்றி நனைத்து, கடைசித் துடைப்பை ஒட்டுத்துணியால் மிக மெதுவாகச் செய்தேன்.

கறுப்பு பேஸ் கோட் மெல்லிசாக, அடியிலிருக்கும் சாம்பல் மறையும்வரை. அது முடிந்ததும் கிளியர். 1.3 மி.மீ. முனை உள்ள எச்விஎல்பி (குறைந்த அழுத்தத்தில் தெளிக்கும்) கன், பரப்பிலிருந்து ஒரு சாண் தூரம், ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூடும்படி. மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை நகர்த்த வேண்டும். வளைத்தால் நடுவில் கனம், ஓரத்தில் வறட்சி. முதல் கிளியர் கோட் நடுத்தரம், அடுத்தவை ஈரமாக. கோட்டுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மாஸ்கிங் டேப்பில் பட்டதை விரலால் தொட்டுப் பார்த்தேன். நூல் மாதிரி இழுக்காமல், ஒட்டி விரல் ரேகை மட்டும் பதிந்தால் அடுத்த கோட்டுக்குத் தயார். அதற்கு முன்பே அடித்தால் உள்ளே தின்னர் அடைபட்டுப் பொடிக் கொப்புளம் கிளம்பும்.

கன்னிலிருந்து வந்தபடியே போனட் நன்றாக மின்னியது. நண்பர், "இப்படியே விட்டுடுங்க" என்றார். தினசரி ஓடும் காருக்கு அது போதும்தான். ஆனால் கறுப்பில் லேசான ஆரஞ்சுத் தோலும் விளக்கின் ஓரத்தை மங்க வைக்கும். எனக்கு அந்த ஓரம் கூர்மையாக வேண்டும்.

கிளியர் நன்றாக இறுகட்டும் என்று சில நாள் விட்டு, 1500 நம்பரில் தண்ணீர்த் தேய்ப்பு. வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. விளிம்புகளிலும் காற்றுக்குழாயின் கூரான முகட்டிலும் முதலில் டேப் ஒட்டிவிட வேண்டும். அங்கே பெயிண்ட் எப்போதும் மெல்லிசாக இருக்கும், இரண்டு இழுப்பில் போய்விடும். மொத்தக் கிளியரின் கனமே ஒரு தாளின் கனத்தில் பாதிதான் என்பதை நினைவில் வைத்தால் கை தானாகவே அடங்கும். கொஞ்சம் தேய்த்து, ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துப் பார்ப்பேன். மங்கலுக்கு நடுவே மின்னும் புள்ளிகள் தெரிந்தால் அவை இன்னும் பள்ளம். எங்கும் ஒரே மங்கலானதும் 1500ஐ நிறுத்தி 2000, பிறகு 3000. 3000 முடிந்தபோதே மங்கலாக ஒரு மினுக்கு வந்துவிடும். காம்பவுண்ட், அதாவது பாலிஷ் பசை, போடும் வேலை அதன்பிறகு சுலபம்.

மெஷினில் காம்பவுண்ட் போடும்போது இரும்புப் போனட்டின் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். இரும்பு சூட்டைச் சுற்றிலும் பரப்பிவிடும். ஃபைபர் பரப்பாது, மெஷினின் பஞ்சு நிற்கும் இடத்திலேயே சூடு ஏறிப் பெயிண்ட் கருகும். வேகத்தைக் குறைத்து, பஞ்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல், புறங்கையால் அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டே செய்தேன். வெதுவெதுப்புக்கு மேல் போனால் கொஞ்சம் நிறுத்தி ஆறவிட்டேன்.

மாட்டி முடித்து மாமா வந்து பார்த்தார். முதலில் போனட்டை விட்டுவிட்டு ஃபெண்டரைத்தான் பார்த்தார். புதுக் கறுப்புக்குப் பக்கத்தில் பழைய கறுப்பு சாம்பலடித்துத் தெரிந்தது. "அப்ப மத்ததையும் பாலிஷ் பண்ணிடுவோமா?" என்றார். அதே வாரம் இரண்டு ஃபெண்டருக்கும் காம்பவுண்ட் போட்டோம், ஓரளவு ஒத்துப்போனது. மெழுகு மட்டும் ஒன்றிரண்டு மாதம் போடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். கிளியரிலிருந்து தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். பறவை எச்சம் விழுந்தால் காயவிடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன்.

வெயில் காலம் முழுக்க கார் வெளியில்தான் நின்றது. போன மாதம் அதே போர்ச்சில், அதே குழல்விளக்கைப் போட்டுப் பார்த்தோம். நடுவிலும் காற்றுக்குழாயைச் சுற்றியும் விளக்கு ஒரே கோடாக விழுகிறது, நாரின் பின்னல் எங்கும் இல்லை. இடப்பக்கக் கீல் மூலையில் மட்டும், புட்டி வைத்த வட்டத்தின் ஓரம் மயிரிழையாகத் தெரிகிறது. அந்தப் புட்டி வெயிலில் சுட்டெடுத்ததல்ல, பிறகு வைத்தது, இப்போதுதான் சுருங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வெயில் காலம் போகட்டும், முழுதாக அடங்கிய பிறகு அந்த மூலையை மட்டும் 2000 நம்பரில் லேசாகத் தேய்த்துக் காம்பவுண்ட் போடுவதாக இருக்கிறேன். கிளியர் அங்கே கொஞ்சம் கூடவே இருக்கிறது, தாங்கும்.